துணைவியார் பெயர்: இல்லை

இருந்தவர்கள்:

தனசேகரன், வயது அறுபத்திரண்டு. இரண்டே மாவட்டங்களில் கிளைகள் உள்ள ஒரு கட்சியின் தலைவர். சங்கராபுரம் தொகுதியில் நான்கு முறை நின்று நான்கு முறையும் தோற்றவர்.

ஏஞ்சலின், வயது ஐம்பத்தெட்டு. கள்ளக்குறிச்சி கோர்ட்டில் நோட்டரி வக்கீல்.

கண்ணாயிரம், இருபத்திரண்டு வருடங்களாகத் தலைவரின் டிரைவர்.

இடம்: தாலுகா ஆபீசுக்கு எதிரே, புளியமர நிழலில் நிற்கும் வண்டிக்குள். வேட்புமனு வாங்கும் கடைசி நாள். மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

— கேசு விவரம் முடிஞ்சுது. பதினேழு கேசு, பதினேழும் மறியல். அடுத்தது...

— பதினெட்டு வக்கீலம்மா. கச்சிராயபாளையத்துல பஸ்ஸ மறிச்சமே, அத்த வுட்டுட்டீங்க.

— அது விடுதலை ஆயிடுச்சு கண்ணாயிரம். நானே வாதாடி ஜெயிச்ச கேச நான் மறப்பேனா? தலைவரே, இங்க பாருங்க. அடுத்த கட்டம்.

— கவனிங்க வக்கீலம்மா, மணி ரெண்டு பத்து. மக்கள் நம்ம மேல வச்சிருக்கிற நம்பிக்கைய மனசுல வச்சி, சுருக்கா எழுதுங்க.

— துணைவியார் பெயர்.

— வழக்கம்போலத்தான்.

— வழக்கம்போலன்னு எழுத முடியாது. பேரு இருந்தா பேரு. இல்லன்னா 'இல்லை'. காலியா வுட்டா மனு தள்ளுபடி.

— 'இல்லை'தான். நாலு தேர்தலா நீங்கதான எழுதறீங்க.

— நாலு தேர்தலா எழுதினேன். இந்தத் தடவ எழுத மாட்டேன்.

— கண்ணாயிரம், நீ எறங்கிப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வா.

— வெயிலப் பாருங்க தலைவரே. ஏசியில இருந்து எறங்குனா மயக்கம் வந்துரும். அதுவும் இல்லாம, நான் எறங்குனா அந்தப் போலீசு வண்டிய எடுன்னு வந்து நிப்பான். நீங்க பேசுங்க. எனக்கு இன்னா, நான் ரோட்டப் பாத்துக்கினு இருக்கேன்.

— வக்கீலம்மா, இது வெளையாட்டு நேரம் இல்ல.

— நான் வெளையாடல சார். பேனா இந்தாங்க. நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துல 'இல்லை'ன்னு மூணு எழுத்து. அத எழுதிட்டு என் மூஞ்சப் பாத்து சத்தியம் பண்ணுங்க. நான் சீல் வைக்கறேன்.

— அப்படி மொறைச்சிப் பாத்தா எப்படி எழுதறது?

— தலைவர வுடுங்க வக்கீலம்மா. மேடையில மூணு மணி நேரம் பேசறவங்களுக்கு எல்லாம் பொண்ணு விசயத்துல மட்டும் பேனா ஓடாது. நம்ம ஒன்றியத்துக்கு முன்ன சேர்மனா இருந்தாரே, சவரியப்பன்...

— அவரா? என்ன பண்ணார்?

— அவருக்கு சின்னசேலத்துல ஒரு டீச்சர் மேல இது. நேர்ல சொல்ல தைரியம் கெடையாது. லெட்டர் எழுதணும். சொந்தமா எழுதிப் பழக்கமும் கெடையாது. ஆபீசு டைப்பிஸ்ட்ட கூப்புட்டு ஒக்கார வச்சி, கண்ண மூடிக்கினு ஒவ்வொரு வார்த்தையா சொல்லியிருக்காரு. அந்தாளும் அடிச்சிக் குடுத்துட்டான். இவரு படிச்சிப் பாக்காம கையெழுத்தப் போட்டுட்டாரு.

— படிக்காம கையெழுத்துப் போடறதுதான சேர்மன் வேலை.

— அடியில பழக்க தோசத்துல அவன் ஒரு வரி சேத்துட்டான். 'நகல்: மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், அனைத்துக் கிளைச் செயலாளர்கள்.' சேத்ததோட நிக்கல. நாப்பத்திமூணு கவரு தபால்ல போட்டுட்டான்.

— ஐயோ பாவம்.

— இன்னா பாவம்? அடுத்த வாரம் கிளைக் கூட்டம். நாப்பத்திமூணு பேரும் ஒருமனதா ஆதரிச்சித் தீர்மானம் போட்டுட்டாங்க. அத்த எடுத்துக்கினு போயி டீச்சர் அப்பங்கிட்ட காட்டி, பொண்ணு கேட்டு வந்துட்டாரு.

— கண்ணாயிரம், எலெக்சன் நேரத்துல செத்துப்போன ஆளப் பத்திப் பேசாத.

— நல்லதத்தான தலைவரே பேசறேன். லெட்டருல பேரு போட்டு எழுதுனாரு. ஊருக்கே நகல் போச்சு. ஆனா பேரு போட்டாரு.

— அது சரியாச் சொன்ன கண்ணாயிரம். அப்ப இளவரசன் கதை தெரியுமா உனக்கு? தலைவரோட அந்தக் காலத்து சிநேகிதர். இப்ப வேற கட்சி.

— மாவட்டம் இளவரசனா? கட்சிக்காரங்க வூட்டுக் கல்யாணமெல்லாம் தலைமை தாங்கி நடத்தி வைப்பாரே.

— அவர்தான். ஒரு கல்யாணத்துக்குத் தலைமை தாங்கப் போனார். மூணாவது வரிசையில பொண்ணோட சித்தி பொண்ணு. பேரு அபிநயா. இவர் அவளப் பாத்துட்டார். வாழ்த்துரை பத்து நிமிசம்னு போட்டிருக்கு. ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசினார். மாப்பிள்ளை தாலிய கையில வச்சிக்கிட்டே நிக்கிறான். கை வலிச்சா மாத்தி மாத்திப் புடிக்கிறான். பந்தியில பிரியாணி ஆறிப் போச்சு.

— அந்த அபிநயா எழுந்து போயிட்டாளா?

— தூங்கிட்டா. ஆனா இவர் வுடல. அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்துல என்ன விசேசம்னாலும் நான்தான் தலைமைன்னு கேட்டு வாங்கிக்கிட்டார். காதுகுத்துக்குத் தலைமை. புதுமனைக்குத் தலைமை. அவங்க தாத்தா செத்தப்ப பதினாறாம் நாள் காரியத்துக்கும் மைக் வச்சார். கடைசியில அபிநயாவோட அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். 'அய்யா, எங்க வூட்டுல இனிமே விசேசமே பாக்கி இல்ல. பொண்ண நீங்களே கட்டிக்கங்க'ன்னுட்டார்.

— கவனிங்க ரெண்டு பேரும். மணி ரெண்டே கால் தாண்டிடுச்சு.

— ஒண்ணே ஒண்ணு தலைவரே, கவுன்சிலர் அறிவுச்செல்வன் கதைய மட்டும் சொல்லிடறேன். அந்தாளு தனியாப் பொண்ணு பாக்கப் போக பயந்துக்கினு எட்டு பேர கூட்டிக்கினு போனாரு. கூட ரெண்டு பறை. கும்புட்ட கையோட பொண்ணு வூட்டு வாசல்ல போயி, 'உங்க ஆதரவ நாடி வந்திருக்கேன்'னு நின்னுட்டாரு. அந்தப் பொண்ணோட அம்மா இன்னா பண்ணும்? ஓட்டு கேக்க வந்திருக்கான்னு ஆரத்தி சுத்தி, 'மூணு மாசமா பைப்புல தண்ணி வரல'ன்னு பிடிச்சிக்கினு சண்ட போட்டுருச்சு.

— அப்புறம்?

— அடுத்த நாளே பைப்ப சரி பண்ணிக் குடுத்தாரு. அது மட்டுந்தான் நடந்துது. பொண்ண வேற எடத்துல குடுத்துட்டாங்க. அந்த வூட்டுல இன்னிக்கும் தண்ணி வருது.

— சிரிச்சது போதும். எழுதுங்க வக்கீலம்மா. பொது வாழ்க்கையில இருக்கிறவன் குடும்பத்த நெனைக்கக் கூடாது. என்ன சொல்ல வர்றேன்னா, நான் அந்த மாதிரி ஆளுங்க கணக்குல வரமாட்டேன்.

— வரமாட்டீங்களா? அப்ப நானும் ஒரு தலைவர் கதை சொல்றேன். பேரு சொல்ல மாட்டேன். கண்ணாயிரம், நீ கேளு.

— சொல்லுங்க வக்கீலம்மா.

— தொண்ணூத்தியேழுல ஒரு தலைவர் மறியல் பண்ணி சப்-ஜெயில்ல இருந்தார். ஜாமீனுக்கு ஒரு ஜூனியர் வக்கீலம்மா வகாலத்துல கையெழுத்து வாங்கப் போனா. ஒரு வகாலத்து குடுத்தா, இவர் இன்னும் அஞ்சு வெத்து ஃபாரம் கேட்டு வாங்கினார். எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு, 'இனிமே எம்மேல எவன் என்ன கேசு போட்டாலும் நீங்கதான் பாக்கணும்'னு குடுத்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு.

— அடேயப்பா. அதுக்கு மேல இன்னா லெட்டரு வேணும்?

— அதுக்கு மேல யாரும் எனக்கு... அந்தம்மாவுக்கு எழுதல. மறு வருசம் ரிஜிஸ்தர் ஆபீசுல கல்யாணம். அவர் ஒரு சாமி, அவ ஒரு சாமி. அதனால முப்பது நாள் நோட்டீசு ஒட்டணும். ஒட்டினாங்க. ஒருத்தரும் படிக்கல. பக்கத்துல வேப்பமரம் ஏலம்னு பெரிய நோட்டீசு. எல்லாரும் மரத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாங்க.

— வக்கீலம்மா, போதும்.

— கதை தலைவரே, கதை. பதிவு பண்ணியாச்சு. கட்சி மாநாடு முடிஞ்சதும் ஊரறிய சொல்லிடலாம்னார். மூணு வாரம் கழிச்சி வெள்ளிமலையில பொதுக்கூட்டம். மலைக்கு ரோடு கேட்டு. அடுத்த நாள் காலையில அந்தம்மா டீக்கடையில பேப்பர் பாக்கறா. கொட்டை எழுத்துல போட்டிருக்கான். 'மலைக்கு ரோடு வரும் வரை மணமுடிக்க மாட்டேன். மேடையில் சபதம்.'

— ஏஞ்சல், வுட்டுடு.

— இன்னா தலைவரே சொன்னீங்க? ஏஞ்சலா?

— அது வாய் தவறி... கண்ணாயிரம், நீ ரோட்டப் பாரு.

— ரோட்டப் பாத்துக்கினே இருவத்திரெண்டு வருசம் ஓட்டிட்டேன் தலைவரே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க? வெள்ளிக்கெழம ஆனா வக்கீலம்மா தெரு முனையில எறங்கிக்குவீங்க. 'நடைப்பயிற்சி, நீ இங்கயே நில்லு.' ரெண்டு மணி நேரம். நடந்துட்டு வர்றவன் வேர்த்துக் கொட்டிக்கினு வரணும். நீங்க ஏப்பம் வுட்டுக்கினு வருவீங்க. வண்டி முச்சூடும் சங்கரா மீன் கொழம்பு வாசன. எனக்கு அங்க ஒக்காந்து எச்சி ஊறும்.

— எத்தன நாளா தெரியும் உனக்கு?

— சேர்ந்த ரெண்டாவது வாரமே தெரியும் அண்ணி.

— அப்படிக் கூப்பிடாத.

— தலைவர் சம்சாரத்த அண்ணின்னு கூப்புடாம ஆயான்னா கூப்புடுவாங்க? இத்தன வருசமா நாக்கு நமநமன்னு அரிச்சிக்கினு கெடந்துது. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல தலைவரே. கல்யாணம் ஆன மூணாவது வாரம், கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு மேடையில ஏன் சொன்னீங்க?

— கேக்கறான் பாருங்க. நான் இருவத்தெட்டு வருசமா கேக்கறேன். அவனுக்காவது பதில் சொல்லுங்க.

— கண்ணாயிரம், கவனி. அன்னிக்கு மூவாயிரம் பேரு கூட்டம். எனக்கு முன்னாடி பேசினவன் இளவரசன். ரோடு வர்ற வரைக்கும் செருப்பு போட மாட்டேன்னு சபதம் போட்டுட்டான். கழட்டி கூட்டத்துல வீசினான். அப்படி ஒரு கைதட்டல். அவனுக்கு முன்னாடி பேசினவன் தாடி எடுக்க மாட்டேன்னுட்டான். அதுக்கும் கைதட்டல். அடுத்தது நான். செருப்பு போச்சு. தாடி போச்சு. என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?

— கல்யாணம்.

— அது தானா வாயில வந்துடுச்சு. பத்து நிமிசம் கைதட்டல் நிக்கல. ஒரு அம்மா மேடைக்கு ஓடி வந்து அழுதுது.

— ஆன கல்யாணம் ஞாபகம் வரலயா தலைவரே?

— மேடையில இருந்து எறங்கும்போது வந்துது.

— படியில. ரெண்டாவது படியில. அப்படித்தான் எனக்குச் சொன்னார்.

— நான் சிரிக்கல அண்ணி. இருமல்.

— இளவரசன் நாப்பதாவது நாள் செருப்பு மாட்டிக்கிட்டான். முள்ளு குத்திடுச்சுன்னான். தாடிக்காரன் அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்துட்டான். மூணு பேருல சொன்ன வாக்கக் காப்பாத்தினது நான் ஒருத்தன்.

— காப்பாத்தினது நீங்களா, நானா? வருசா வருசம் மழையில பாலம் அடிச்சிக்கிட்டுப் போவும். நான் பேப்பரப் பாத்து உக்காந்திருப்பேன். சரி, இந்த வருசமும் எனக்குக் கல்யாணம் ஆவலன்னு. போன தை மாசம் மலையோட கடைசி ஊரு கொட்டாப்பாறை வரைக்கும் ரோடு போட்டு முடிச்சாச்சு. முதல் ஜீப்புல நின்னு கை காட்டினது யாரு?

— நான்தான்.

— அன்னிக்கி சாயங்காலம் ஃபோன் பண்ணி என்ன சொன்னீங்க?

— எலெக்சன் முடியட்டும்னு சொன்னேன். நான் ஒண்ணும் ஏமாத்தல ஏஞ்சல். அந்தச் செவுத்துல எழுதியிருக்கிறதப் படி. 'மலைக்காக மணமாலை துறந்தவர்.' மலையில எந்த ஊருக்குப் போனாலும் பொம்பளைங்க என்னப் பாத்துக் கண்ணத் தொடைச்சிக்கறாங்க. இது நாள் வரைக்கும் கண்ணத் தொடைச்சிட்டு வேற சின்னத்துல குத்தினாங்க. இந்தத் தடவ பெரிய கட்சி ஆதரவு இருக்கு. ஜெயிக்கிற தேர்தல். இப்பப் போயி, நான் இருவத்தெட்டு வருசமா மீன் கொழம்பு சாப்புட்டுக்கிட்டு இருந்தேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?

— சிரிப்பாங்க தலைவரே. ரெண்டு நாளு சிரிப்பாங்க. அப்புறம் திட்டுவாங்க.

— அதச் சொல்லு இவகிட்ட.

— சொல்லத் தேவையில்ல. எனக்கே தெரியும். ஒண்ணு கேக்கறேன், கண்ணாயிரம். போன ஆவணியில சேலத்துல எனக்கு ஆப்ரேசன். நீதான் ஓட்டிக்கிட்டு வந்த. ஞாபகம் இருக்கா?

— இருக்கு அண்ணி.

— கையெழுத்துப் போட புருசன் இருக்காரான்னு கேட்டாங்க. அந்த ஃபாரத்துலயும் ஒரு கட்டம் இருந்துது. 'இல்லை'ன்னு எழுதினேன். எழுதி எழுதி கைக்குப் பழகிப் போச்சு. அப்ப ரத்த சொந்தம் யாராவது வரணும்னாங்க. என் தம்பி மவன் அமல் பெங்களூர்ல இருந்து பஸ் புடிச்சி வந்து சேர ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் நான் வலியில கெடக்கறேன். தலைவர் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார். நர்சு போயி 'நீங்க யாருங்க'ன்னு கேட்டிருக்கா. இவர் 'அவங்க கட்சிக்காரர்'னு சொல்லியிருக்கார்.

— வக்கீலுக்குக் கட்சிக்காரர்னா, அது பொய்யும் இல்ல அண்ணி.

— இல்லதான். கோர்ட்டுல நிக்கும்.

— ஏஞ்சல், அன்னிக்கு என்னால...

— வுடுங்க. மணி என்ன?

— ரெண்டு முப்பத்தஞ்சு. கேட்டாண்ட நம்ம ஆளுங்க நாலு பேரும் இங்கயே பாத்துக்கினு நிக்கிறாங்க.

— அந்த ஃபாரத்தக் குடுங்க. எழுதித் தொலைக்கிறேன்.

— எழுதறியா?

— நாலு தடவ தோத்துட்டு வந்து என் வூட்டு சோபாவுல குப்புறப் படுத்தீங்க. நாலு தடவையும் சோறு பெசஞ்சி ஊட்டாத கொறையா எழுப்பி உக்கார வச்சது நான். அஞ்சாவது தடவ என்னால முடியாது. ஜெயிச்சித் தொலைங்க. துணைவியார் பெயர்: இல்லை. துணைவியார் வருமானம்: பொருந்தாது. துணைவியார் நகை: பொருந்தாது. இங்க கையெழுத்து. இங்க. இங்க ஒண்ணு. சொன்னதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றீங்களா?

— பண்றேன்.

— சீல் வச்சாச்சு. மை காயட்டும், மடிக்காதீங்க. கண்ணாயிரம், ஏசிய அந்தப் பக்கம் திருப்பு.

— இன்னா தலைவரே, வேல முடிஞ்சுது. மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு ஒக்காந்துட்டீங்க?

— ஏஞ்சல். நீ எப்பவும் ரெண்டு செட்டு கொண்டு வருவ இல்ல?

— ஆமா. நீங்க அடிச்சி அடிச்சி எழுதுவீங்கன்னு.

— அந்த இன்னொன்னு எடு.

— எதுக்கு?

— எடு. பேனாவும் குடு. சும்மா இரு, நான் எழுதறேன். துணைவியார் பெயர்: ஏஞ்சலின். தகப்பனார் பேரு அந்தோணிராஜ்.

— என்ன பண்றீங்க?

— நகை பதினோரு பவுன். வண்டி ஒரு ஸ்கூட்டி, நம்பர் ஏழு எட்டு ஒண்ணு நாலு. கடன் இல்ல. தொழில் வழக்கறிஞர். வூடு சொந்தம், உங்கம்மா குடுத்தது, தொள்ளாயிரம் சதுர அடி. சரியா?

— சரிதான்.

— அண்ணி, பதினெட்டு கேசுல ஒண்ணு கூட அவருக்கு நம்பர் ஞாபகம் கெடையாது. ஸ்கூட்டி நம்பர சொல்றாரு பாருங்க.

— மீதிப் பக்கம் எல்லாம் அதுல எழுதின மாதிரியேதான். பாத்து எழுதிட்டேன். எல்லாத்துலயும் கையெழுத்தும் போட்டாச்சு. இந்தா. சீல் வை.

— வேணாங்க. இது சாயங்காலமே நோட்டீசு போர்டுல ஒட்டிடுவான். ராத்திரிக்குள்ள மலை பூரா தெரிஞ்சிரும். தோத்துருவீங்க.

— தோத்தா உன் சோபா இருக்கு. சீல் வை ஏஞ்சல், மணியாவுது.

— குடுங்க இப்படி. எங்க அந்த மை டப்பா... ஐயோ.

— என்ன?

— என்னால முடியாது.

— இப்பத்தான வச்ச?

— நெசமா, எனக்கே இப்பத்தான் ஒறைக்குது. இதுல என் பேரு இருக்கு. என் பேரு இருக்கிற பத்திரத்துல நானே சத்தியம் வாங்கி நானே சீல் வச்சா செல்லாது. நோட்டரிக்கு சம்பந்தம் இருக்கிற பத்திரத்துல நோட்டரி கை வைக்கக் கூடாது. முதல் சட்டம் அதுதான். மனுவும் போவும், என் லைசென்சும் போவும்.

— நாலு தேர்தலா வச்சியே?

— அதுல என் பேரு இல்லையே.

— எம்மா, சட்டத்துல இப்படி ஒரு ஓட்டையா? பொய்யின்னா அண்ணி சீல் வைக்கலாம். நெசம்னா வைக்கக் கூடாது.

— கண்ணாயிரம், இந்த ஊர்ல வேற நோட்டரி யாரு? ஓடிப் போயி கூட்டிக்கிட்டு வா.

— சிவசங்கர் ஒருத்தருதான் தலைவரே. அவரு எதிர்க்கட்சி ஆளுகூட உள்ள ஒக்காந்திருக்காரு. ஃபோன வெளிய வாங்கி வச்சிட்டாங்க. அவர வுட்டா கள்ளக்குறிச்சிக்குத்தான் போவணும்.

— சீல் இல்லாம குடுத்தா?

— இன்னிக்கி கடைசி நாளுங்க. மூணு மணிக்கு மேல வேற பத்திரம் வாங்க மாட்டான். சீல் இல்லாத பத்திரம்னா பரிசீலனையில முதல் ஆளா உங்களத்தான் தள்ளுவான். மணி பாரு கண்ணாயிரம்.

— ரெண்டு அம்பது.

— போதும். நீங்க எழுதினீங்க, நான் படிச்சேன். எனக்கு அது போதும். மொத செட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க.

— சரி. அந்தக் கவரு குடு.

— நானே போட்டுத் தர்றேன்.

— வேணாம், நான் போட்டுக்கறேன். நீ கண்ணத் தொட. வெளிய நம்ம ஆளுங்க பாக்கறாங்க.

— எனக்கென்ன அழுகை? ஏசி காத்து. உங்க விரல்ல மை இருக்கு, மீசையில தேய்ச்சிக்காதீங்க. போங்க.

— வர்றேன்.

— ரெண்டு அம்பத்தி மூணு. வேகமாப் போங்க தலைவரே, ஓடாதீங்க, வேட்டி தடுக்கும்.

— போறாரா கண்ணாயிரம்? எனக்கு இந்தக் கண்ணாடியில ஒண்ணும் தெரியல.

— போறாரு அண்ணி. நம்ம ஆளுங்க மாலைய போட வந்தாங்க, வேணாம்னு தள்ளிட்டாரு. கேட்டுக்குள்ள போயிட்டாரு. படி ஏறுறாரு. இன்னா, நின்னுட்டாரு.

— எங்க?

— மேல் படியில. கவரப் பிரிச்சிப் பாக்குறாரு. முழுசா வெளிய எடுத்துப் படிக்கிறாரு. இன்னும் படிக்கிறாரு. இப்பத்தான் திரும்ப உள்ள வைக்கிறாரு.

— கையெழுத்து வுட்டுப் போச்சான்னு பாப்பார். எப்பவும் அப்படித்தான். நான் எவ்ளோ பாத்துக் குடுத்தாலும் நம்ப மாட்டார்.

— திரும்பி நம்ம வண்டியப் பாத்து கை காட்றாரு. ஓட்டு கேக்கற மாதிரி இல்ல, சும்மா இப்படி. உள்ள போயிட்டாரு. அவரு பின்னாடி யாரும் இல்ல. போலீசு கடியாரத்தப் பாத்துக்கினு கதவாண்ட நிக்கிறான்.

— ஜெயிச்சார்னா இன்னும் அஞ்சு வருசத்துக்கு பிரம்மச்சாரி. வெள்ளிக்கெழம எம்.எல்.ஏ. நடைப்பயிற்சி போனா பின்னாடியே நாலு போலீசு வருவான். மீன் நாலு பேருக்குச் சேத்து வாங்கணும்.

— அஞ்சு பேருக்கு அண்ணி. நானும் இனிமே முனையில நிக்க மாட்டேன்.

— வா. வந்து சாப்பிடு. அந்தப் பின் சீட்டுல அவர் எழுதின இன்னொரு செட்டு கெடக்கும், எடு. கிழிச்சிப் போட்டுடறேன். யார் கையிலயாவது கெடைச்சா வம்பு.

— இந்தாங்க.

— மடிச்சிருக்கார் பாரு, மை காயறதுக்குள்ள. கண்ணாயிரம்...

— இன்னா அண்ணி?

— இதுல சீல் இருக்கு. நான் 'இல்லை'ன்னு எழுதினது.

— சீல் வச்சதயா வுட்டுட்டுப் போயிட்டாரு? அப்ப படியில நின்னு எதப் படிச்சாரு?

— ஓடு. இத எடுத்துக்கிட்டு ஓடு கண்ணாயிரம், கதவுகிட்ட குடுத்தா கூட...

— எங்க அண்ணி ஓடறது? சாத்திட்டான். அந்தப் போலீசு வெளிய பூட்டு மாட்டி இழுத்துப் பாக்குறான்.